தாய் வைத்த கல்

சில ஆண்டுகளாக முதுகலை மாணவிகளுக்குக் காலனியமும் பெண்களும் குறித்த ஒரு தாளை நடத்திவருகிறேன். சிலைகள், கல்லறைகள், நடுகற்கள் போன்றவற்றை, கதை கவிதைகளை வாசிப்பதுபோலவே வாசித்துப் பார்ப்பது அதில் ஒரு பகுதி. ஒருநாள் வகுப்பில் திரையில் ஒரு படத்தைக் காட்டினேன். வட அயர்லாந்தில் லிஸ்பர்ன் என்னும் ஊரின் கிறைஸ்ட் சர்ச் பேராலயத்தில் இருக்கும் பளிங்குப் புடைப்புச் சிற்பம் அது. 1857 செப்டம்பரில் ஆங்கிலேயப் படை டெல்லியைத் தாக்கிய காட்சியைக் காட்டுகிறது. அந்தத் தாக்குதலில் சுடப்பட்டு ஒன்பது நாட்கள் கழித்து இறந்துபோன ஜான் நிக்கல்சன் என்னும் அயர்லாந்துக்காரரின் நினைவாக 1862இல் வைக்கப்பட்டது. செய்தவர் டப்ளினில் பிறந்த சிற்பி ஜான் ஹென்றி ஃபோலி. மகனின் நினைவு அவனுடைய நாட்டவரிடையே வாழ வேண்டும் என்பதற்காகத் தாய் நிறுவியது இது என்று அதன் கல்வெட்டு சொல்கிறது.

நிக்கல்சன் யார், 1857இல் பஞ்சாபிலும் டெல்லியிலும் என்ன செய்தார் என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். முன்வரிசையில் இருந்த மாணவி கையைத் தூக்கினாள்.

“மேம், இது அவங்க அம்மா வெச்சதுதானே? இதையும் எடுக்கணும்னு சொல்வீங்களா?”

நான் யோசிக்காமலே பதில் சொன்னேன். “அம்மா வெச்சது. அதை விட்டுடலாம். ஊர் நடுவுல நிக்கிற சிலைதான் நம்ம பிரச்சினை.”

அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்: “அப்போ டெல்லியில பிள்ளையைப் பறிகொடுத்த அம்மாங்க எங்க மேம் கல் வெச்சாங்க?”

மணி அடித்துவிட்டது. என் பதில் தவறு என்று அப்போதே தெரிந்தது. எங்கே தவறியது என்று பிடிபடத்தான் நாளாயிற்று. அதைக் கண்டுகொள்ளும் முயற்சியே இந்தக் கட்டுரை.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதிலிருந்து தொடங்குகிறேன். பிள்ளையைப் போரில் இழந்த தாய் என்றால் நம் மனம் உடனே இளகிவிடுகிறது. தமிழில் படித்து வளர்ந்தவர்களுக்கு இது இன்னும் எளிது. தந்தையையும் கணவனையும் போரில் இழந்த பிறகும் ஒரே மகனைத் தலைசீவி, வேல் கொடுத்து அனுப்பும் தாயை ஒக்கூர் மாசாத்தியார் பாடியிருக்கிறார். களத்தில் பிணங்களைப் புரட்டி மகனைத் தேடும் தாயைக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியிருக்கிறார். பள்ளியில் ‘வீரத்தாய்’ என்ற தலைப்பில் இவற்றை மனப்பாடம் செய்திருக்கிறோம். அந்தத் தாயிடம், “எந்த அரசனுக்காக? எவருடைய நிலத்துக்காக?” என்று நாம் கேட்டதில்லை. கேட்பது மரியாதையில்லை என்று நினைக்கப் பழகியிருக்கிறோம். அதே பழக்கத்தோடுதான் லிஸ்பர்ன் பளிங்கையும் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தாயின் பெயர் கிளாரா. பிறந்த வீட்டுப் பெயர் ஹாக். கணவர் அலெக்சாண்டர் நிக்கல்சன் டப்ளினில் மருத்துவர். மூத்த மகன் ஜான் சிறு பையனாக இருக்கும்போதே அவர் இறந்துபோனார். கையில் பிள்ளைகளோடு கிளாரா தன் சொந்த ஊரான லிஸ்பர்னுக்குத் திரும்பினார். விதவைத் தாய், வளரும் பையன்கள், சொல்லிக்கொள்ளும்படியான சொத்து இல்லை. இதுவரை எந்த ஊரிலும் நடக்கக்கூடிய கதை.

ஆனால் கிளாராவின் அண்ணன் தம்பிகளில் ஒருவர் ஜேம்ஸ் வெயர் ஹாக். கல்கத்தாவில் வழக்கறிஞராகச் செல்வம் சேர்த்து, லண்டன் திரும்பிக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவரானவர். பின்னாளில் அதன் தலைவராகவும் இருந்தவர். கம்பெனிப் படையில் அதிகாரியாகச் சேர இயக்குநர் ஒருவரின் பரிந்துரை வேண்டும். தாய்மாமன் பரிந்துரைத்தார். 1839இல், பதினாறு வயதில், ஜான் இந்தியாவுக்குக் கப்பலேறினார். தம்பிகளும் அதே வழியில் வந்தார்கள்.

பிறகு வந்தவை சாவுச் செய்திகள். தம்பி அலெக்சாண்டர் 1842இல் கைபர் கணவாயில் கொல்லப்பட்டார். ஆப்கானியர்களிடம் சிறைப்பட்டு மீண்டு வந்த ஜான், சில நாட்களுக்கு முன்புதான் அவரைச் சந்தித்திருந்தார். சிதைக்கப்பட்ட உடலை அவரே கண்டெடுத்தார். இன்னொரு தம்பி வில்லியம் 1849இல் சிந்துவின் சுக்கூரில் இறந்தார். 1857 செப்டம்பர் 14 அன்று டெல்லித் தாக்குதலில் ஜான் சுடப்பட்டார். அதே நாளில் தம்பி சார்லஸ் ஒரு கையை இழந்தார். செப்டம்பர் 23 அன்று ஜான் இறந்தார். வயது முப்பத்து நான்கு.

இதைப் படிக்கும்போது வயிறு பிசைகிறது. இந்தத் துக்கத்தை நான் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் இதன் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பொருளாதார வழி அடைபட்ட ஒரு நடுத்தரக் குடும்பத்து விதவைக்குக் கம்பெனி ஒரு கதவைத் திறந்தது. பையன்கள் போனார்கள், சம்பளம் வந்தது. மகன் இறந்த பிறகு கம்பெனி கிளாராவுக்கு ஆண்டுக்கு 500 பவுண்டு ஓய்வூதியம் வழங்கியது. அன்றைக்கு அது பெரிய தொகை. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? கம்பெனியின் கருவூலம் இந்திய நிலவரியாலும் உப்பு வரியாலும் அபினி வணிகத்தாலும் நிரம்பியது. அயர்லாந்து விதவையின் முதுமைக்கு நம் ஊர் உழவர் குடும்பங்கள் பணம் கட்டியிருக்கின்றன. அவற்றில் விதவைகளின் குடும்பங்களும் இருந்திருக்கும்.

அயர்லாந்துக்காரர்கள் எல்லோருக்கும் இந்தக் கதவு இதே அகலத்தில் திறக்கவில்லை. 1825க்கும் 1850க்கும் இடையே கம்பெனியின் வங்காளப் படையில் சேர்ந்த ஐரோப்பியச் சிப்பாய்களில் ஏறத்தாழ பாதிப்பேர் அயர்லாந்தைச் சேர்ந்தவர்கள். பெரும்பாலும் ஏழைகள், பலர் கத்தோலிக்கர்கள். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்தில் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். அதற்கும் மேற்பட்டவர்கள் நாட்டைவிட்டு ஓடினார்கள். பிழைக்க வழியின்றிச் சீருடை போட்ட அந்தச் சிப்பாய்கள் இந்தியாவில் குண்டடிபட்டும் காலராவிலும் செத்தார்கள். பாளையத்தில் வாழ்ந்த அவர்களுடைய மனைவிமாரில் கணவனை இழந்தவளுக்குச் சில மாதங்கள்தான் படி கிடைக்கும். அதற்குள் வேறொரு சிப்பாயை மணந்துகொள்ள வேண்டும், அல்லது தெருவுக்கு வர வேண்டும். அவர்களில் எவரும் பேராலயத்துக்குப் பளிங்கு வாங்கிக் கொடுக்கும் நிலையில் இருந்ததில்லை. ஆகவே ‘அயர்லாந்து வீரரை நினைவுகூர்தல்’ என்று சொல்லும்போதே எந்த அயர்லாந்து என்று கேட்க வேண்டியிருக்கிறது.

கல்வெட்டுக்குத் திரும்புகிறேன். அதில் இரண்டு கைகள் இருக்கின்றன. முதல் பகுதி தாயின் பெயரால் பேசுகிறது: இன்ன இடத்தில் புதைக்கப்பட்டிருக்கிறான், இதை நிறுவுவது தாய். அடுத்த பகுதி, அவரை நேசித்த தோழர்கள் அவர் வாழ்க்கைக் கதையைச் சேர்த்திருப்பதாகச் சொல்லித் தொடங்குகிறது. அதன்பின் போர்களின் பட்டியல், கோட்டைகள், வெற்றிகள். தாய்க்கு இழப்பைச் சொல்லும் உரிமை கிடைத்திருக்கிறது. அந்த இழப்பின் பொருளைச் சொல்லும் உரிமை தோழர்களுக்குப் போயிருக்கிறது. மேலே ஃபோலி செதுக்கிய காட்சியில் தாக்குதல் நடக்கிறது. தாய் எழுத்தில் இருக்கிறாள், மகன் கல்லில் இருக்கிறான். அம்மா வைத்தது என்று நான் விட்டுவிடச் சொன்ன நினைவுச்சின்னத்தின் பெரும்பகுதியைப் படைமுகாம்தான் எழுதியிருக்கிறது.

சரி, அந்தத் தோழர்கள் எதைச் சேர்த்தார்கள், எதைச் சேர்க்கவில்லை? 1857 மே மாதம் மீரட்டிலும் டெல்லியிலும் கிளர்ச்சி வெடித்தபோது நிக்கல்சன் பெஷாவரில் இருந்தார். கலகம் செய்ததாகச் சொல்லப்பட்ட 55ஆம் படைப்பிரிவைத் துரத்திச் சென்று நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றும் பிடித்தும் வந்தவர் அவர். பிடிபட்டவர்களில் 40 பேரை ஜூன் 10 அன்று பெஷாவர் மைதானத்தில் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். ஊரே நின்று பார்க்கும்படி செய்தார்கள். அந்த நாட்களில் நண்பர் ஹெர்பர்ட் எட்வர்ட்ஸுக்கு நிக்கல்சன் எழுதிய கடிதம் ஒன்று கிடைக்கிறது. டெல்லியில் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றவர்களை உயிரோடு தோலுரிக்கவோ கழுவேற்றவோ எரிக்கவோ சட்டம் கொண்டுவர வேண்டும் என்று அதில் வற்புறுத்துகிறார். வெறும் தூக்கு போதாது என்பது அவர் கருத்து. இந்தக் கடிதத்தை எதிரிகள் வெளியிடவில்லை. அந்தப் போரின் வரலாற்றை எழுதிய ஜான் கேயின் நூலிலேயே இருக்கிறது.

“பெண்களையும் குழந்தைகளையும்.” இந்தச் சொற்கள்தான் பெண்ணிய வாசிப்பு நின்று கவனிக்க வேண்டிய இடம். பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டது உண்மை. மே 16 அன்று செங்கோட்டை முற்றத்தில் ஏறத்தாழ 50 கிறிஸ்தவக் கைதிகள் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். ஜூலை 15 அன்று கான்பூர் பீபிகரில் ஏறத்தாழ 200 பெண்களும் குழந்தைகளும் வெட்டிக் கிணற்றில் போடப்பட்டார்கள். விடுதலைப் போர் என்று நாம் பெருமையோடு சொல்லும் ஒன்றில் இது நடந்திருக்கிறது. இதைச் சொல்லாமல் நிக்கல்சனைக் குறைசொல்ல எனக்கு உரிமை கிடையாது.

ஆனால் இந்தப் பெண்களின் சாவு அவர்களுடையதாக இருக்க விடப்படவில்லை. அவர்கள் மானபங்கப்படுத்தப்பட்டார்கள் என்ற கதைகள் லண்டன் பத்திரிகைகளில் பெருகின. கவர்னர் ஜெனரலின் கேள்வியின்பேரில் ஆக்ராவில் இருந்த வில்லியம் மியூர் 1857 இறுதியில் அதிகாரிகளிடம் விசாரித்தார். அந்தக் கதைகளுக்கு நம்பத்தக்க சான்று இல்லை என்றே பதில்கள் வந்தன. அதற்குள் பழிவாங்கல் பெருமளவு நடந்து முடிந்திருந்தது. ஜென்னி ஷார்ப் 1993இல் வெளியான தம் நூலில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்: ஆங்கிலேயப் பெண்ணின் சிதைக்கப்பட்ட உடல் என்ற உருவம், ஆட்சி குலைந்துபோன ஒரு தருணத்தில் அந்த ஆட்சிக்கு அறத்தின் முகத்தைக் கொடுத்தது. ஒரு பெண்ணின் உடல் மீது ஆண்கள் தங்கள் போரை எழுதிக்கொள்ளும் வேலையை நாம் இன்றும் கலவரங்களில் பார்க்கிறோம். அந்தப் பெண்களுக்கு என்ன வேண்டும் என்று அன்றும் யாரும் கேட்கவில்லை.

உயிரோடு இருந்த ஒரு பெண்ணையாவது பார்ப்போம். டெல்லி முற்றுகையின்போது ஆங்கிலேயப் படை நகருக்கு வெளியே ரிட்ஜ் என்னும் பாறை மேட்டில் முகாமிட்டிருந்தது. நிறைமாதக் கர்ப்பிணியான ஹேரியட் டைட்லர் என்னும் அதிகாரி மனைவி அங்கிருந்து கிளம்ப முடியாமல் தங்கிவிட்டார். ஜூன் மாதம் ஒரு வண்டியில் அவருக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஸ்டான்லி டெல்லி ஃபோர்ஸ் டைட்லர் என்று பெயர் வைத்தார்கள். முற்றுகையிட்ட படையின் பெயரே பிள்ளைக்கு நடுப்பெயராயிற்று. தாய்மை போருக்கு வெளியே நிற்கும் தூய இடம் என்று நம்புகிறவர்கள் இந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம்.

இப்போது இரண்டாவது மாணவியின் கேள்வி. டெல்லியின் தாய்மார்கள்?

நிக்கல்சன் கூடாரத்தில் சாகக் கிடந்த நாட்களில் நகரம் வீதிவீதியாகப் பிடிபட்டது. கூச்சா சேலான் என்ற ஒரு பகுதியில் மட்டும் சுமார் 1,400 பேர் கொல்லப்பட்டதாக வில்லியம் டால்ரிம்பிள் எழுதுகிறார். எட்வர்ட் வைபர்ட் என்ற இளம் அதிகாரி அந்த நாட்களில் எழுதிய கடிதம் ஒன்று வரலாற்று நூல்களில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. அவருடைய பெற்றோர் கான்பூரில் கொல்லப்பட்டவர்கள். கண்ணில் பட்டவரை எல்லாம் சுடும்படி உத்தரவு இருந்ததையும், பெண்களை விட்டுவிட்டதையும், கணவன்மாரும் மகன்களும் வெட்டப்படுவதைக் கண்டு அந்தப் பெண்கள் போட்ட ஓலத்தைத் தாங்க முடியவில்லை என்பதையும் அவர் எழுதுகிறார்.

விட்டுவிட்டார்கள். பெண்களுக்குத் தீங்கு செய்யவில்லை என்று பெருமையாகக் குறித்துக்கொள்ளப்பட்ட செய்தி இது. எதற்காக விடப்பட்டார்கள்? பார்ப்பதற்காக. அதன்பின் நகரத்து மக்கள் மதிலுக்கு வெளியே துரத்தப்பட்டார்கள். வாசலைத் தாண்டிப் பழகாத பெண்கள் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பாழ்மண்டபங்களிலும் தர்காக்களிலும் குளிர்காலத்தைக் கழித்தார்கள். படை நெருங்கியபோது கிணறுகளில் குதித்த பெண்களும் உண்டு. கான்பூர்க் கிணற்றின் மேல் பளிங்குத் தேவதை எழுந்தது. டெல்லிக் கிணறுகளின் மேல் ஒன்றும் எழவில்லை. அரசி ஜீனத் மஹல் கணவர் பகதூர் ஷாவோடு ரங்கூனுக்கு அனுப்பப்பட்டு அங்கேயே 1886இல் இறந்தார். அரண்மனைப் பெண்கள் பிழைப்புக்கு அலைந்த கதைகளைப் பின்னாளில் குவாஜா ஹசன் நிஜாமி ‘பேகமாத் கே ஆன்சு’ என்ற உருது நூலாகத் தொகுத்தார். பேகம்களின் கண்ணீர் என்று பொருள். கல்லில் இடம் கிடைக்காத துக்கம் சொல்லில் தங்கியது. அதுவும் ஓர் ஆண் எழுதிய பிறகுதான் அச்சேறியது.

நிக்கல்சனின் உடல் காஷ்மீர் கேட்டுக்கு அருகே புதைக்கப்பட்டது. மேலே போர்த்தப்பட்ட வெண்பளிங்குப் பலகை முகலாய அரண்மனைத் தோட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. இதைப் படித்தபோதுதான் என் மாணவிக்கான பதிலின் தொடக்கம் கிடைத்தது. டெல்லியின் தாய்மார்கள் கல் வைக்காமல் போனதற்கு அவர்கள் துக்கப்படவில்லை என்பது காரணமில்லை. அவர்களுடைய நகரத்தின் கல்லே கொன்றவரின் கல்லறைக்குப் போய்விட்டது. எந்த உயிர் துக்கப்படத் தக்கதாகக் கருதப்படுகிறது, எது கருதப்படுவதில்லை என்று ஜூடித் பட்லர் கேட்ட கேள்வியை நாங்கள் வகுப்பில் கோட்பாடாகப் படித்திருந்தோம். இங்கே அதைக் கையால் தொட்டுப் பார்க்கலாம்.

பளிங்கு பேராலயத்துக்குள் இருந்தது. மகனின் உருவம் அங்கேயே நின்றுவிடவில்லை. 1906இல் டெல்லியில் காஷ்மீர் கேட்டுக்கு வெளியே உருவிய வாளோடு நிக்கல்சனின் வெண்கலச் சிலை எழுந்தது. செய்தவர் தாமஸ் பிராக், ஃபோலியின் மாணவர். விடுதலைக்குப் பிறகு அது அகற்றப்பட்டு, 1960இல் அவர் படித்த டங்கனன் ராயல் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது. இன்றும் அந்தப் பள்ளி வளாகத்தில் நிற்கிறது.

லிஸ்பர்னின் மார்க்கெட் சதுக்கத்தில் இன்னொரு சிலை 1922இல் வந்தது. அந்த ஆண்டைக் கவனியுங்கள். 1920 ஆகஸ்டில் இதே பேராலயத்தில் ஞாயிறு வழிபாடு முடிந்து வெளியே வந்த ஆஸ்வால்ட் ஸ்வான்சி என்ற காவல்துறை அதிகாரியை ஐரிஷ் குடியரசுப் படையினர் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த சில நாட்களில் ஊரின் கத்தோலிக்கர் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. கத்தோலிக்கக் குடும்பங்கள் ஏறக்குறைய முழுவதுமாக ஊரைவிட்டு ஓடின. மூட்டையும் குழந்தையுமாக நடந்தவர்களில் எத்தனை தாய்மார்கள் இருந்திருப்பார்கள். பிறகு நாடு பிரிந்தது. லிஸ்பர்ன் பிரிட்டனோடு தங்கிய வடக்குப் பகுதியில் நின்றது. அந்தச் சூழலில்தான், எரிந்த ஊரின் நடுவே, 65 ஆண்டுகளுக்கு முன் டெல்லியில் இறந்தவர் வாளோடு வந்து நின்றார். அயர்லாந்தில் அவர் எந்தப் போரிலும் ஈடுபட்டதில்லை. ஆனால் இந்தச் சதுக்கம் யாருடையது என்று சொல்ல அவர் தேவைப்பட்டார். ‘அவனுடைய நாட்டவரிடையே’ என்ற தாயின் கல்வெட்டுச் சொல்லுக்கு 1922இல் ஒரு எல்லைக்கோடு வந்து சேர்ந்தது.

இப்படிப் பார்க்கும்போது நான் வகுப்பில் போட்ட பிரிவினை, தாயின் கல் வேறு, சதுக்கத்தின் சிலை வேறு என்பது, நிலைக்கவில்லை. முன்னது பின்னதற்கு அறக்கணக்கில் முன்பணம் கட்டியிருக்கிறது. மகனை இழந்த தாய் ஒருத்தி இருக்கிறாள் என்பதால், அந்த மகனைப் பற்றிக் கேள்வி கேட்பவர் கல்நெஞ்சர் ஆகிவிடுகிறார். தாயின் துக்கம் கேடயமாகப் பிடிக்கப்படுகிறது. கேடயத்தைப் பிடித்திருக்கும் கை எப்போதும் தாயுடையதாக இருப்பதில்லை.

அண்மைக் கால விமர்சனங்களும் இதைச் சரிசெய்துவிடவில்லை. பழைய வாழ்க்கை வரலாறுகளில் நிக்கல்சன் ஏறத்தாழக் கடவுள். ‘நிக்கல் சேன்’ என்று வழிபட்ட ஒரு கூட்டத்தையே அவர் சவுக்கால் அடித்து விரட்டினார் என்று சிலிர்ப்போடு எழுதினார்கள். டால்ரிம்பிள் போன்றவர்கள் எழுதிய பிறகு அவர் மனநோய் பிடித்த கொடூரராகப் பார்க்கப்படுகிறார். இரண்டிலும் பேச்சு ஓர் அசாதாரண ஆணின் இயல்பைப் பற்றியே நடக்கிறது. கடவுளோ அரக்கனோ, தனி ஒருவராக ஆக்கிவிட்டால் தாய்மாமனின் பரிந்துரை, ஆண்டுக்கு 500 பவுண்டு, சில மாதப் படியோடு நிறுத்தப்பட்ட சிப்பாய் மனைவி, கணவன் சாவதைப் பார்க்கும்படி விடப்பட்ட டெல்லிப் பெண் எல்லாரும் காட்சியிலிருந்து வெளியேறிவிடுகிறார்கள். ஒரு குடும்பமும் ஒரு கம்பெனியும் சேர்ந்து எப்படி ஒரு போர்வீரரை உருவாக்கின என்ற கேள்வியும் அவர்களோடு போய்விடுகிறது.

இதே போரின் இன்னொரு சிலை நம் ஊரில் நின்றது. கர்னல் நீல் ஸ்காட்லாந்துக்காரர்; மதராஸ் படைப்பிரிவின் தளபதி. நிக்கல்சன் இறந்த இரண்டாம் நாள், 1857 செப்டம்பர் 25 அன்று, லக்னோவில் கொல்லப்பட்டார். பீபிகரில் உறைந்திருந்த பெண்களின் இரத்தத்தைத் தூக்குக்குப் போகிறவர்கள் நாக்கால் நக்கிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டவர் அவர். அவருக்கு மவுண்ட் ரோட்டில் சிலை இருந்தது. 1927இல் அதை அகற்றக் கோரி நடந்த சத்தியாக்கிரகத்தில் சுத்தியலோடும் கோடரியோடும் தொண்டர்கள் வந்தார்கள். கடலூர் அஞ்சலை அம்மாள் அதில் கலந்துகொண்டு சிறை சென்றார். சிறுமியாக இருந்த மகள் அம்மாக்கண்ணுவையும் உடன் அழைத்து வந்திருந்தார். அந்தச் சிறுமிக்குத்தான் காந்தி பின்னர் லீலாவதி என்று பெயரிட்டார். 1937இல் ராஜாஜி அமைச்சரவை சிலையை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது.

ஒரு தாய் கல் வைத்தார், இன்னொரு தாய் கல்லை உடைக்கப் போனார் என்று எதிரெதிரே நிறுத்திக் கைதட்ட எனக்கு விருப்பமில்லை. அஞ்சலை அம்மாளையும் ‘தென்னாட்டு ஜான்சி ராணி’ என்று சொல்லி நாம் ஒரு பீடத்தில் ஏற்றிவிட்டோம். என்னை நிறுத்துவது வேறொன்று. ஒரு சிறுமியைச் சிறைவரை கூட்டிப்போவது சரியா என்று அவரிடம் கேட்கத் தயங்காத நாம், ஒரு பையனைக் கம்பெனிப் படைக்கு அனுப்பியது சரியா என்று கிளாராவிடம் கேட்பதில்லை. மாணவிகளிடம் இந்தக் கதையைச் சொன்னபோது பலரும் முதலில் கேட்டது அந்தச் சிறுமியைப் பற்றித்தான். துக்கப்படும் தாயிடம் கேள்வி இல்லை. எதிர்க்கும் தாயிடம் நிறைய இருக்கிறது.

அடுத்த வாரம் வகுப்பில் என் பதிலைத் திருத்திக்கொண்டேன். லிஸ்பர்ன் பளிங்கைப் பெயர்த்தெடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது இருக்கட்டும். கிளாரா நிக்கல்சன் மகன்களை இழந்தார், அழ அவருக்கு உரிமை உண்டு. ஆனால் ‘அம்மா வைத்தது’ என்பதோடு வாசிப்பை நிறுத்திவிடுவது அந்த அம்மாவுக்கும் நியாயம் செய்வதில்லை. அவர் யோசிக்கவும் கணக்குப் போடவும் தெரிந்த ஒரு பெண். தம் வர்க்கத்துக்குத் திறந்திருந்த வழியில் பிள்ளைகளை அனுப்பினார், அதன் பலனையும் விலையையும் பெற்றார். அவரைப் பொறுப்புள்ள மனுஷியாகப் பார்ப்பதே அவருக்குத் தரும் மரியாதை. அவருடைய கண்ணீரை நம்பலாம். அந்தக் கண்ணீருக்குக் கீழே தோழர்கள் எழுதியதை நம்ப வேண்டியதில்லை.

பிறகு மாணவிகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். தங்கள் ஊரில் பார்க்கும் ஏதாவதொரு நினைவுக்கல்லை எடுத்துக்கொண்டு, அதை வைக்கப் பணம் யார் தந்தது, அதே சாவின் மறுபக்கத்தில் அழுதவர்கள் யார், அவர்கள் எதை வைத்துக்கொண்டார்கள் என்று விசாரித்து எழுதச் சொன்னேன். இரண்டாவதாகக் கேள்வி கேட்டவள் கொண்டுவந்த தாளில் கல்லே இல்லை. அவளுடைய ஆயா ஆண்டுக்கொருமுறை, ஒரு குறிப்பிட்ட நாளில், யாரிடமும் காரணம் சொல்லாமல் உலை வைக்காமல் இருப்பாராம். ஏன் என்று இந்த ஆண்டுதான் கேட்டிருக்கிறாள். ஆயா சொன்னதை இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தாள்.